தேக்குதான் வேண்டுமா?

மரக்கடைக்குப் போகிற நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "தேக்கு இருக்குதா?" என்பதுதான். எதற்கு வேண்டும் என்பதைப் பிறகுதான் சொல்வார். கதவானாலும் தேக்கு, கட்டிலானாலும் தேக்கு, சாமி படம் மாட்டுகிற பலகையானாலும் தேக்கு. தேக்கு கிடைக்காவிட்டால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "சரி, வேற என்ன இருக்குது?" என்பார். இந்தப் பழக்கம் சரியில்லை என்பது என் கட்சி. நான் தச்சன் அல்ல. ஆனால் புதுச்சேரி பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்த காலத்தில் மர மதிப்பீடுகளும் ஒப்பந்தப் புள்ளிகளும் ஆயிரக்கணக்கில் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் "சொல்தா" என்போமே, அந்த வகை. தெற்கு பிரான்சில் ஃப்ரேஜூஸ் பக்கம் குடியிருக்கிறார். அவரிடம் 5 மீட்டர் நீளத்தில் ஒரு சிறிய ஃபைபர் படகு இருக்கிறது. கோடையில் மீன் பிடிக்கப் போவார். படகைக் காரின் பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு டிரெய்லர். அங்கே அதை "ரெமோர்க்" என்பார்கள். அந்த டிரெய்லரின் மேல் நீளவாக்கில் இரண்டு பலகைகள் இருக்கும். படகின் அடிவயிறு அந்தப் பலகைகளின் மேல்தான் உட்காரும். அவற்றைத் தாங்குபலகை என்று வைத்துக்கொள்வோம். கடற்கரைச் சரிவில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினால் படகு தானாக மிதந்து விலகும். திரும்பி வந்ததும் அதே பலகைகளின் மேல் ஏற்றிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

மச்சானின் தாங்குபலகைகள் உளுத்துப்போய்விட்டன. மாற்ற வேண்டும். அவர் கேட்பது இதுதான்: "மாமா, நம்ம வீட்டுல எறக்கி வச்சிருக்கிற பர்மா தேக்கு உத்தரக்கட்டை இருக்குதே, அதுல ரெண்ட அறுத்துப் பலகை போட்டு அனுப்பிடுங்க. ஒருதடவ போட்டா என் ஆயுசுக்கும் மாத்த வேணாம்."

"நம்ம வீடு" என்று அவர் சொல்வது என் மாமனார் வீட்டை. தமிழ்ப் பகுதியில், தெருவைப் பார்த்துத் தாழ்வாரம் போட்ட பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. அதாவது தேக்கு உத்தரக்கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய கூரை. பின்கட்டு இடிந்தபோது இறக்கிய கட்டைகளில் நல்லதாக 6 தேறின. கூடத்து ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. அந்த வீட்டில் இப்போது என் மனைவியின் அக்காள் தனியாக இருக்கிறார். தாழ்வாரத்தின் மரத்தூண்களில் இரண்டு அடியில் மழைநீர் குடித்து இற்றுவிட்டன. விரலால் குத்தினால் தூளாக உதிர்கிறது. வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் நிற்கிற இடம் அது.

ஆக, 6 கட்டைகள். இரண்டு பேர் கேட்கிறார்கள். சொத்தில் மச்சானுக்கும் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மரத்தை எங்கே போட்டால் அதற்குரிய வேலையைச் செய்யும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் தாங்குபலகையின் வேலை என்ன என்று பார்ப்போம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்தப் பலகைக்கும் அதே கதிதான். மேலே படகின் பாரம், கீழே இரும்புச் சட்டம். மோட்டாரும் எண்ணெயும் சேர்த்துப் படகு 600 கிலோ என்றால் ஒவ்வொரு பலகையும் 300 கிலோ சுமக்க வேண்டும். ரோட்டில் குழி வந்தால் அந்தப் பாரம் துள்ளி விழும். இது தவிர, பலகை நனையும், காயும், மறுபடி நனையும். அதன் மேல் விரிப்பு ஒன்று போர்த்தியிருக்கும், படகின் வழவழப்பான மேல்பூச்சில் கீறல் விழாமல் இருக்க.

கடல் தண்ணீர்தான் பலகையைக் கெடுக்கிறது என்று மச்சான் நினைக்கிறார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம். உண்மையில் உப்புத் தண்ணீர் மரத்தை அவ்வளவாக உளுக்கவிடாது. கடலில் மரத்துக்கு எமன் கப்பல் புழு. அது கடலிலேயே கிடக்கிற மரத்தைத்தான் துளைக்கும். வருஷத்தில் இருபது முப்பது தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம் தண்ணீரில் இறங்குகிற பலகையை அது சீண்டாது. பலகையை உளுக்க வைப்பது மழைத்தண்ணீர். விரிப்புக்கு அடியில் தேங்கி, காயாமல், வாரக்கணக்கில் நிற்கிற ஈரம். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஏறி அப்படியே நின்றால் காளான் பிடிக்க ஆரம்பிக்கும். தாழ்வாரத்துத் தூணின் அடி இற்றதும் இதே காரணத்தால்தான். ஃப்ரேஜூஸ் ஆனாலும் புதுச்சேரி ஆனாலும் வியாதி ஒன்றே.

இனி மரத்துக்கு வருவோம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆரம்பப் பள்ளியில் "லெசோன் த ஷோஸ்" என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் கையில் கொடுத்துப் பார்க்க வைத்துச் சொல்லிக் கொடுக்கும் பாடம். அதில் மரத்தின் குறுக்கு வெட்டைக் காட்டி, உள்ளே இருப்பது "கேர்", வெளியே இருப்பது "ஒபியே" என்று சொல்லித் தந்தார்கள். நம் தச்சர்கள் முன்னதை வைரம் என்றும் பின்னதை வெள்ளை என்றும் சொல்வார்கள். தேக்கு வாங்கினால் வைரம் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை விழுந்த தேக்கு பெயரளவில்தான் தேக்கு, பூச்சிக்கும் காளானுக்கும் அது சாதாரண மரமே. இன்றைக்குத் தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டுகிற தேக்கில் வெள்ளை அதிகம் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

பிரான்சில் மச்சானின் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைப்பது மருந்தேற்றிய பைன் மரம். பைன் கட்டைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு அழுத்தம் கொடுத்து மருந்தை உள்ளே செலுத்துவார்கள். "ஒத்தோக்ளாவ்" என்று அங்கே கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்தைக் குடிப்பது பைனின் வெள்ளைதான். அதன் வைரம் மருந்தை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே தேக்கில் நாம் ஒதுக்குகிற பகுதி பைனில் உயர்ந்த பகுதியாகிவிடுகிறது. வைரம் என்றால் எப்போதும் உயர்வு, வெள்ளை என்றால் எப்போதும் தாழ்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

ஐரோப்பாவில் மரத்தை அது போகும் இடத்தை வைத்து 5 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் காய்ந்த இடத்துக்கு 1. வீட்டுக்குள் எப்போதாவது ஈரம் படும் இடத்துக்கு 2. வெளியே மழையில் நனைந்தாலும் தரையைத் தொடாத இடத்துக்கு 3. மண்ணையோ நல்ல தண்ணீரையோ தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு 4. கடல் தண்ணீரிலேயே நிற்கும் மரத்துக்கு 5. எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. "என்ன மரம்?" என்ற கேள்விக்கு முன்னால் "எங்கே போகப் போகிறது?" என்று கேட்கிறது அல்லவா! மச்சானின் பலகைக்கு 4-ஆம் வகுப்பு தாராளமாகப் போதும். விலையும் இரண்டு பலகைக்கும் சேர்த்துச் சில பத்து யூரோக்களுக்குள் முடிந்துவிடும்.

மற்ற மரங்கள்? அங்கே ஓக் மரம் நிறையக் கிடைக்கும், உறுதியானது. ஆனால் அதில் உள்ள துவர்ப்புச் சத்து ஈரத்தில் இரும்பை அரிக்கும், கறுப்புக் கறை விடும். பிளாஸ்டிக் பலகையும் இருக்கிறது, உளுக்காது. ஆனால் வெயிலில் இளகித் தொய்யும். அடியில் தாங்கிகள் நெருக்கமாக வேண்டும். பிளாஸ்டிக் வழுக்கும் என்பதால் ஏற்ற இறக்கத்துக்குச் சுலபம் என்கிறார்கள். அந்தச் சுலபமே ஆபத்து. தண்ணீரைத் தொடுவதற்கு முன் முன்கயிற்றை அவிழ்த்தால் படகு சரிவில் சறுக்கி சிமெண்டுத் தரையில் விழும். 70 வயது தாண்டிய மனிதருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தேக்கைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். தாங்குபலகைக்குத் தேக்கு கெடுதலா? இல்லை. நன்றாகவே உழைக்கும். அதன் எண்ணெய்ப் பசை தண்ணீரை அண்ட விடாது, இரும்பையும் ஓக் அளவுக்கு அரிக்காது. "பிறகென்ன, போட்டுவிட்டுப் போகட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். என் பதில் இதுதான். பலகை மட்டும் 30 வருஷம் உழைத்து என்ன பயன்? மேலே போர்த்திய விரிப்பு சில வருஷத்தில் கிழியும். போல்ட் துருப்பிடிக்கும். தாங்கிக் கொண்டியும் தேயும். இவற்றை மாற்ற வேண்டுமானால் படகை இறக்கிப் பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மச்சான் எப்படியும் குனியத்தான் போகிறார். கழற்றுகிற அன்றைக்கே புதுப் பைன் பலகை போடுவது ஒரு மத்தியான வேலை. தேக்கு அவருக்கு மிச்சப்படுத்தித் தருவது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. படகுதான் முக்கியம், பலகை அதற்கு வேலைக்காரன். விரிப்பு கிழிந்து அதைக் கவனிக்காமல் விட்டால் மெதுவான மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், தானும் தேயும். கெட்டியான மரம் படகின் அடியைத்தான் தேய்க்கும். தேய வேண்டியது எது என்று நாம் தீர்மானித்துவிட்டால் மரத்தின் பெயர் தானாக வந்துவிடும்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத விஷயம். வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் கட்டுமரம் கட்டிய காலத்தில் யாராவது தேக்கைத் தேடிப் போனார்களா? லேசான, மெதுவான மரத்தைத் தேடித்தான் போனார்கள். மிதக்க வேண்டும், அலையில் புரள வேண்டும், கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துக் காயப்போட வேண்டும். காயப்போடாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கட்டைகள் சில வருஷத்தில் போய்விடும், வேறு கட்டை போடுவார்கள். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிவிட்டது. ஆனால் அந்தப் புத்தி நல்ல புத்தி. பிரெஞ்சுக்காரர்கள் "தெக்" என்பது போர்த்துகீசியர் மலையாளக் கரையில் கேட்டு எடுத்துப்போன தேக்குதான். "கத்தமரான்" என்பது நம் கட்டுமரம். இரண்டு சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். தேக்குக்கு உள்ள கௌரவம் கட்டுமரத்து மரத்துக்கு மட்டும் நம் ஊரிலேயே வரவில்லை.

மாட்டு வண்டி செய்தவர்களும் அப்படித்தான். சக்கரத்துக்குக் கருவேலம், ஓட்டு வீட்டுக் கூரைக்குப் பனஞ்சட்டம், வீட்டுச் சாமான்களுக்குப் பூவரசு என்று பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் அலுவலக மதிப்பீடுகளில்கூட "தேக்கு" என்று ஒரு வரியும் "நாட்டு மரம்" என்று ஒரு வரியும் தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் முதல் வரியையே எழுதிவிட்டால் பொறியாளர் திருப்பி அனுப்புவார். காசு மிச்சத்துக்காக என்று அப்போது நினைப்போம். தேவையில்லாத இடத்தில் தேக்கு போனால் தேவையான இடத்துக்குக் கிடைக்காது என்பதும் அதில் இருந்தது.

சரி, மச்சானுக்கு நான் எழுதி அனுப்பிய விஷயங்களை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் படகு வைத்திருக்கும் வாசகர்களுக்கும் பயன்படலாம்.

பலகையைப் படுக்கையாகப் போட்டால் படகின் பாரம் அகலமாகப் பரவும். ஆனால் அதிகம் வளையும். 45 மில்லிமீட்டர் கனமும் 145 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரே பலகையை நிமிர்த்தி வைத்தால் வளைவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். நம் வீட்டு உத்தரக்கட்டைகளை நிமிர்த்தி வைத்திருப்பது இதற்காகத்தான். படுக்கையாகப் போடுவதானால் தாங்கிகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பழைய பலகையின் கனத்துக்குக் குறையக் கூடாது.

பெரிய கணு உள்ள பலகையை ஒதுக்க வேண்டும், முக்கியமாகத் தாங்கிகளுக்கு நடுவில் கணு வரக் கூடாது. கடையில் இருந்து வரும் மருந்தேற்றிய மரம் பல சமயம் ஈரமாக இருக்கும். நிழலில் சில வாரம் காயவிட்டுத்தான் விரிப்புப் போர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடினால் மரம் பிறகு சுருங்கி போல்ட் தளரும்.

அளவுக்கு அறுத்த முனைகளில் மருந்து ஏறாத உள்மரம் வெளியே தெரியலாம். முனை வழியாகத்தான் தண்ணீர் மிக வேகமாக ஏறும். அங்கே மருந்தைத் தூரிகையால் இரண்டு தடவை பூச வேண்டும். போல்ட் துளையின் உள்ளேயும் பூச வேண்டும்.

இப்போது மருந்தில் செம்பு இருக்கிறது. செம்பு சாதாரண இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஆகவே நன்றாகத் துத்தநாகம் முக்கிய போல்ட் அல்லது துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட வேண்டும். டிரெய்லர் அலுமினியமாக இருந்தால் மரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் அட்டை வைக்க வேண்டும். போல்ட்டின் தலை பலகைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். மரம் அமுங்கும்போது தலை மேலே வந்தால் படகில் ஓட்டை.

விரிப்பைப் பலகையின் அடிப்பக்கத்தில் முழுக்க மூடக் கூடாது. அடியில் திறந்து விட்டால் தண்ணீர் வடியும். டிரெய்லரை நிறுத்தும்போது ஒரு பக்கம் சற்றுத் தூக்கி நிறுத்தினால் இன்னும் நல்லது. இதை ஒழுங்காகச் செய்தால் பைன் பலகையும் பல வருஷம் நிற்கும். செய்யாவிட்டால் தேக்குக்கு அடியிலும் ஈரம் நிற்கத்தான் செய்யும்.

இவ்வளவும் எழுதியதற்கு மச்சான், "மாமா, அப்பா வீட்டு மரம் என் படகுல இருக்கணும்னு ஒரு ஆசை" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். இதற்கு மர சாஸ்திரத்தில் பதில் இல்லை. 40 வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவரின் ஆசை அது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் ஆசைக்கும் ஒரு பொருத்தமான இடம் இருக்கிறது. விரிப்புக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், வண்டிச் சேற்றில் அடிபடுகிற இடத்தில் அப்பா வீட்டு மரம் எதற்கு? படகின் உள்ளே கையால் பிடித்துக்கொள்ளும் கட்டையாக, ஒரு முழ நீளத் துண்டு போதாதா? தினமும் கை படும், கண்ணும் படும். அதை இங்கேயே இழைத்து, போகிறவர் யாராவது இருந்தால் பெட்டியிலேயே கொடுத்துவிடலாம். மீதி மரம் தாழ்வாரத்துக்குப் போகட்டும். இரண்டு தூணும் தேக்காக, அடியில் ஒரு சாண் கருங்கல் வைத்து, தண்ணீர் தேங்காமல் நிறுத்தினால் அண்ணியின் காலத்துக்கும் நிற்கும், அதற்குப் பின்னாலும் நிற்கும். தூணை மாற்றுவது ஒரு மத்தியான வேலை இல்லை. கூரையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, ஆள் வைத்து, கொத்தனாரும் தச்சரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சுலபமாக மாற்ற முடியாத இடத்தில்தான் நெடுநாள் உழைக்கிற மரத்தைப் போட வேண்டும்.

இதை மச்சானுக்கு நேற்று எழுதியிருக்கிறேன். மழைக்காலத்துக்குள் தூண் வேலையைத் தொடங்க வேண்டும், ஆகவே பதிலைச் சீக்கிரம் போடச் சொல்லியிருக்கிறேன். தச்சரிடமும் பேசியாகிவிட்டது. அவர் கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய ஆணி இருக்கும் சார், வாளுல பட்டா பல்லு போயிடும், மொதல்ல ஆணியப் பாத்து எடுத்துடணும்" என்றார். அடுத்த வாரம் காந்தத்தை எடுத்துக்கொண்டு நானும் போய் உட்காரப் போகிறேன். உங்கள் வீட்டில் பழைய மரம் இறக்கியிருந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.